சுட்டி நுனியில் ஒரு பதவுரை

நாற்பதைக் கடந்த தமிழாசிரியன் ஒருவன் சீனம் கற்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் புன்னகைக்கிறார்கள், பிறகு ‘எதற்கு?’ என்கிறார்கள். வேலை மாற்றம், வணிகம், மகளின் மேற்படிப்பு என்று ஏதேனும் உலகியல் காரணம் இருந்தாக வேண்டும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. என்னிடம் இருப்பது ஒரு கல் மட்டுமே.

அக்கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடையது, 1409-ஆம் ஆண்டுக்குரியது, சீனத்திலேயே செதுக்கப்பட்டு மரக்கலத்தில் வந்ததாகக் கருதப்படுவது. 1911-இல் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் அதில் உள்ளன. வியப்பு மொழிகளின் எண்ணிக்கையில் இல்லை. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாத்தின் வழிநின்று பேசுகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. கல்வெட்டியல் பாடத்தில் இதன் தமிழ்ப் பகுதியை விளக்கும்போதெல்லாம் மாணவர்களுள் ஒருவரேனும், ‘அந்தச் சீனத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?’ என்று கேட்பார். ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ளதைச் சொல்வேன். ஒரே கல்லில் அருகருகே நிற்கும் இரண்டு மொழிகள், அக்கல்லில் இடம்பெறாத மூன்றாம் மொழியின் வழியாகத்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

சீனம் கற்கப் புகுந்தவனுக்கு முதலில் எதிர்ப்படுவது இலக்கணம் அன்று, அகராதி. தமிழிலோ ஆங்கிலத்திலோ தெரியாத சொல்லைக் கண்டால் எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடத்தில் அதன் இருப்பிடத்தை அடைந்துவிடலாம். சீனத்தில் தெரியாத எழுத்துக்கு ஒலியும் தெரியாது; ஒலி தெரியாததற்கு அகரவரிசை ஏது? எனவே எழுத்தின் உருவத்தைக்கொண்டே அதனைத் தேட வேண்டும். அதன் ஓர் உறுப்பைத் தலைக்குறியாகக் கண்டுகொண்டு (சீனர் இதனை ‘புஷோவ்’ என்பர்), அத்தலைக்குறியின் கீழ், எஞ்சிய கீற்றுகளின் எண்ணிக்கைப்படி தேடுவது மரபு. 1716-இல் நிறைவுற்ற காங்சி அகராதி 47,035 எழுத்துகளை 214 தலைக்குறிகளின் கீழ் அடுக்கியது. நல்ல ஏற்பாடுதான். கிச்சிலியைக் குறிக்கும் ‘ஜ்யூ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருப்பது மரம் என்று முதலில் அடையாளம் காண வேண்டும். மரத்துக்கு 4 கீற்று. வலப்பக்கத்தில் அடைந்து கிடப்பவற்றை எண்ணினால் 12 வர வேண்டும். எனக்குச் சில வேளை 11 வரும். சில வேளை 13 வரும். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு மேசை விளக்கின் கீழ்க் குனிந்து, பொடி எழுத்தில் கீற்றெண்ணும் வேலை அது. ஒரு பக்கத்தில் 40 எழுத்துகள் தெரியாது என்றால், ஒரு மாலைப்பொழுது முழுதும் போய்விடும்.

இந்த இடத்தில்தான் ‘பாப்-அப் அகராதி’ வருகிறது. எட்டிப்பார்க்கும் அகராதி என்று இதனைத் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். திரையில் உள்ள சீனச்சொல்லின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், சிறு பெட்டியொன்று எழுந்து அதன் ஒலியையும் பொருளையும் காட்டும். சுட்டியை நகர்த்தினால் மறையும். தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. பாட்டின் கீழே ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பொருள் கூறும் பதவுரையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பதவுரை இங்கே பக்கத்தின் அடியிலிருந்து எழுந்து சுட்டியின் நுனிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயினும் பதவுரைக்குப் பின்னால் ஓர் உரையாசிரியர் இருப்பார். அவர் பாட்டு முழுவதையும் படித்துவிட்டு, இவ்விடத்தில் இச்சொல்லுக்கு இதுவே பொருள் என்று தேர்ந்து சொல்வார். பெட்டிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதற்சிக்கல் சொற்பிரிப்பு. சீனத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இன்னல் புரியும்; புள்ளியும் இன்றி, இடமும் விடாமல் ஓடும் எழுத்து வரிசையைச் சொற்களாகப் பிரித்துக் கொடுத்ததே நம் பதிப்பாசிரியர்கள் செய்த பணியில் பாதி. எட்டிப்பார்க்கும் அகராதி இந்த வேலையை எளிய விதியொன்றைக் கொண்டு செய்கிறது. சுட்டி நிற்கும் எழுத்தில் தொடங்கி, வலப்பக்கம் எவ்வளவு நீளம் வரை அகராதியில் உள்ள சொல்லாக அமைகிறதோ அதுவரை எடுத்துக்கொள்ளும். மிக நீண்ட பொருத்தமே சரியான பொருத்தம் என்று கொள்ளும். பெரும்பாலும் இது பலிக்கிறது. பலிக்காத இடங்கள்தாம் சுவையானவை.

நான்ஜிங் நகரத்தில் யாங்சே ஆற்றின் குறுக்கே 1968-இல் திறக்கப்பட்ட பெரும்பாலம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஏழு எழுத்துகள்: நான்-ஜிங்-ஷி-சாங்-ஜியாங்-தா-சியாவ். ‘நான்ஜிங்ஷி’ என்றால் நான்ஜிங் மாநகரம், ‘சாங்ஜியாங்’ என்பது யாங்சே ஆறு, ‘தாசியாவ்’ பெரும்பாலம். ஆனால் மூன்றாம் எழுத்தின் மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து ‘ஷிஜாங்’ ஆகும். அதற்கு மாநகரத் தலைவர் என்று பொருள். நான்காம் எழுத்துக்குச் ‘சாங்’ (நீளம்) என்றும் ‘ஜாங்’ (தலைவர்) என்றும் இரண்டு ஒலிகள் இருப்பதே காரணம். இப்படிப் பிரித்தால் பாலம் மறைந்து, ஜியாங் தாசியாவ் என்ற பெயருடைய நான்ஜிங் நகரத் தலைவர் ஒருவர் எழுந்து நிற்பார். சீனரே சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை இது. ‘செம்பொன்பதின்தொடி’ என்பதைச் செம்பொன் பத்துத் தொடி என்றும், செம்பு ஒன்பது தொடி என்றும் பிரித்துக் காட்டிய நம் இலக்கண உரையாசிரியர்களும் இதனைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். ஆகவே, சுட்டியை வாக்கியத்தின் நடுவில் குருட்டாம்போக்கில் வைக்கலாகாது. இடமிருந்து வலமாக, தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். நல்ல மென்பொருள் நீண்ட பொருத்தத்தை மட்டும் காட்டி நின்றுவிடாது. அதற்குள் அடங்கிய சிறு பொருத்தங்களையும், தனி எழுத்துகளையும் கீழே வரிசையாகத் தரும். நான் எந்த மென்பொருளையும் முதலில் இந்தப் பாலத்தில் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவது.

இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் சரக்கு. இலவசமாகக் கிடைக்கும் நீட்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது ஒரே அகராதி. ஜப்பானிய மொழிக்காக ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய ‘எடிக்ட்’ கோப்பின் வழியில், பால் டெனிசோவ்ஸ்கி 1997-இல் சீனத்துக்கென ‘செடிக்ட்’ என்பதைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியான ‘சிசி-செடிக்ட்’ இன்று ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளுடன், தன்னார்வலர்களால் திருத்தப்பட்டு, எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொது உரிமத்தில் வளர்ந்து வருகிறது. ஒரு பதிவு ஒரே வரி. பழைய எழுத்துவடிவம், 1950-களில் சீன அரசு கொண்டுவந்த சுருக்க வடிவம், ஒலி, சாய்கோடுகளுக்கு இடையே பொருள்கள். இவ்வளவுதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பெரும் உழைப்பையும், அதன் பின்னிருந்த புலவர் குழுவையும் எண்ணிப் பார்க்கும் எனக்கு, ஊதியமின்றி உலகின் பல மூலைகளிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்த இந்த அகராதியின் மேல் ஒருவகைப் பொறாமையே உண்டு.

மென்பொருள்கள் வருகின்றன, போகின்றன, இக்கோப்பு நிற்கிறது. வென்லின் என்றொரு மென்பொருள் 1990-களின் பிற்பகுதியில் வந்தது. சுட்டி நிற்கும் சொல்லின் பொருளைச் சாளரத்தின் அடியில் ஒரே வரியில் காட்டும், பாடத்தை மறைக்காது. ஜான் டிஃபிரான்சிஸ் தொகுத்து 1996-இல் வெளியான, முழுச்சொற்களை ஒலிவரிசையில் அடுக்கிய நல்ல அகராதி பின்னர் அதற்குள் சேர்ந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கென எழுதப்பட்ட எத்தனையோ இலவச நீட்சிகள், 2017 நவம்பரில் அவ்வுலாவியின் 57-ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது ஒரே நாளில் ஊமையாயின. ஜப்பானியம் கற்போர் பல்லாண்டுகள் நம்பியிருந்த ரிகாய்சானும் அவற்றுள் ஒன்று. ஆகவே என் சொற்பட்டியலை எந்த மென்பொருளுக்குள்ளும் பூட்டிவைப்பதில்லை. வெறும் உரைக்கோப்பாக வெளியே எடுக்க வழியில்லாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. இந்தப் பெட்டிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் பேசுகின்றன.

ஆங்கிலம் அறிந்தவனுக்கு அதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். சீனத்தில் ‘நாம்’ என்பதற்கு ‘வோமென்’, ‘ஸான்மென்’ என்று இரண்டு சொற்கள் உள்ளன. வடசீனப் பேச்சில் ‘ஸான்மென்’ என்றால் கேட்பவரையும் உள்ளடக்கியது. அதற்கு எதிராக வைக்கும்போது ‘வோமென்’ அவரை விலக்கியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் உண்டு. ஆகவே, ‘பேசுவோரையும் கேட்போரையும் சேர்த்து’ என்று அகராதி அடைப்புக்குறிக்குள் நீட்டி விளக்குகிறது. நான் அவ்விளக்கத்தை ஆங்கிலத்தில் படித்து, புரிந்துகொண்டு, ‘அட, இது நாம்-நாங்கள் அல்லவா!’ என்று சொந்த வீட்டுக்குத் திரும்புகிறேன். பக்கத்துத் தெருவுக்குப் போக வெளியூர் வழியாகச் சுற்றிவருவது போலிருக்கிறது. (‘வோமென்’ பொதுவாக இரண்டுக்கும் வழங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வேறுபாடு அங்கே அத்தனை கறாரானதன்று.)

உறவுப்பெயர்களில் இச்சுற்றுவழி இன்னும் நீளும். ‘ஜியுஜியு’ என்றால் தாய்மாமன், ‘பொபொ’ பெரியப்பா, ‘ஷுஷு’ சித்தப்பா, ‘குமா’ அத்தை, ‘ஜியுமா’ மாமி. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. தமிழில் ஒற்றைச் சொல்லாய் நிற்பவற்றை ஆங்கிலப் பெட்டி வாக்கியமாக்கித் தருகிறது. அதே வேளையில், தமிழும் சீனமும் முற்றும் பொருந்திவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பொருந்தாத இடத்தில்தான் இலக்கியமே ஒளிந்துகொண்டிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சாவ் ஷ்யூசின் எழுதிய ‘செம்மாடக் கனவு’ நாவலில், நாயகன் பாவ்யூவுக்கு இரண்டு பெண்கள். தாய்யூ அவனுடைய தந்தையின் உடன்பிறந்தாள் மகள். பாவ்சாய் தாயின் தங்கை மகள், அவனைவிட மூத்தவள். சீன முறைப்பெயரில் இருவருக்கும் ‘பியாவ்’ என்ற ஒரே அடை. தந்தையின் உடன்பிறந்த ஆண்களின் மக்களுக்கு மட்டும் ‘தாங்’ என்ற வேறு அடை. ஆங்கிலத்திலோ எல்லாருக்கும் ஒரே சொல். தமிழன் காதில் இது எப்படி விழும்? தாய்யூ அத்தை மகள், முறைப்பெண். பாவ்சாய் சித்தி மகள், அக்காள் முறை! நாவலில் பாவ்யூவுக்கு மணமுடிக்கப்படுவதோ பாவ்சாய். கதையை முதலில் ஆங்கிலச் சுருக்கத்தில் படித்தபோது சலனமின்றிக் கடந்துபோன இந்த இடம், உறவை முறைப்படி தமிழில் எழுதிப் பார்த்தபோது என்னைத் திடுக்கிடச் செய்தது. சீன வாசகனுக்கு இல்லாத திடுக்கிடல் அது, நாவலுக்கும் உரியதன்று. ஆயினும் நான் எங்கிருந்து படிக்கிறேன் என்பதை அது எனக்குக் காட்டியது. ஆங்கிலப் பெட்டியோ சீனரின் வேறுபாட்டையும் மழுக்கி, என்னுடையதையும் மழுக்கிவிடுகிறது.

ஒலிக்கும் இது பொருந்தும். பெட்டிகள் ஒலியைக் காட்டப் பயன்படுத்துவது, 1958-இல் சீன மக்கள் பேரவை ஏற்ற பின்யின் என்னும் உரோமன் எழுத்துமுறை. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய சோவ் யோவ்குவாங் 1906 முதல் 2017 வரை, 111 ஆண்டுகள் வாழ்ந்தார். பின்யினில் ‘பி’ என்னும் உரோமன் எழுத்தைக் கண்டதும் ஆங்கிலம் படித்தவர் தொண்டை அதிர உச்சரிப்பார். சீன ஒலி அதுவன்று. அதிர்வும் மூச்சும் இல்லாத ஒலி அது. ‘பால்’, ‘பல்’ என்னும்போது நாம் ஒலிக்கிறோமே, அந்தப் பகரம்தான். சொல்முதல் ககரமும் அப்படியே. தமிழ்க்காது ஆங்கிலக்காதைவிட இங்கே ஓரடி முன்னால் நிற்கிறது. நமக்குத் தொல்லை தருவது மூச்சுடன் வரும் இணையொலிகளும், நான்கு தொனிகளுமே. தொனிகளைப் பெட்டி எண்ணாகவோ, மேற்குறியாகவோ, வண்ணமாகவோ காட்டும். ஆனால் சொற்கள் புணரும்போது தொனி திரிவதைக் காட்டாது. மூன்றாம் தொனிக்கு முன் வரும் மூன்றாம் தொனி, பேச்சில் இரண்டாம் தொனியாகத் திரியும். முகமன் கூறும் ‘நீ ஹாவ்’ என்ற தொடரிலேயே இத்திரிபு உண்டு. பெட்டியில் இரண்டும் மூன்றாம் தொனியாகவே நிற்கும். இது அகராதியின் குறையன்று; புணர்ச்சி விதியை அகராதியில் தேடுவார் உண்டோ? ஆனால் ஒலிப்பதிவு இல்லாத பெட்டியை மட்டும் நம்பிக் கற்பவர், திரிபறியாது பேசுவார்.

இனி, நினைவு. இதைச் சொல்லாமல் தேர்வு பற்றிய எப்பேச்சும் நிறைவுறாது. சுட்டியை நகர்த்தினாலே பொருள் எழுந்து நிற்கும்போது, கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. நேரே பெட்டிக்குப் போய்விடுகிறது. கிச்சிலி எழுத்தில் 12 கீற்றுகளை எண்ணித் தவித்தவன் அவ்வெழுத்தை மறக்கமாட்டான். பெட்டியில் பார்த்தவனுக்கு அடுத்த பத்தியில் அதே எழுத்து புதுமுகம். எனவே, எட்டிப்பார்க்கும் அகராதியிடம் நான் கேட்பது, அழைக்காமல் எட்டிப்பார்க்காதே என்பதைத்தான். நெடுநாள் புழக்கத்தில் உள்ள ‘ஜோங்வென்’ நீட்சி, இயக்கிவைத்துவிட்டால் சுட்டி போகுமிடமெல்லாம் பெட்டியைத் திறக்கும். செய்தித்தாளை விரைந்து மேய்வதற்கு அதுவே வசதி. ஒரு விசையைத் தட்டினால் சொல் பட்டியலில் சேரும். இன்னொரு விசை இலக்கண விளக்கப் பக்கத்துக்கு அழைத்துப் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாடம் படிக்கும் மேசைக்கு நான் அமர்த்தியது ‘யோமிடான்’ என்பதை. ஜப்பானியத்துக்காகப் பிறந்த ‘யோமிசான்’ 2023-இல் நிறுத்தப்பட்டபோது, அதன் வழியில் ஆர்வலர்கள் தொடர்ந்து வளர்த்தது இது. இப்போது சீனம் உட்படப் பல மொழிகளுக்கு உதவுகிறது. வழக்கமான அமைப்பில், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியை நகர்த்தினால்தான் பெட்டி திறக்கும். அந்த ஒரு விசைதான் எனக்கு வேண்டியிருந்த வேலி. விரல் விசைக்குப் போவதற்குள் மனம் ஒருமுறை, ‘இது தெரிந்த எழுத்தாயிற்றே’ என்று தேடிப் பார்க்கிறது. பாதி வேளை கிடைத்தும்விடுகிறது. ஒரு பக்கத்தைப் பெட்டியின் துணையோடு படித்து முடித்தபின், நீட்சியை அணைத்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். இரண்டாம் வாசிப்பில் எங்கே நாக்கு நிற்கிறதோ, அவை மட்டுமே பட்டியலுக்குப் போகும்.

முழுப்பக்கத்தையும் நொடியில் ஆங்கிலமாக்கித் தரும் பொறிகள் வந்துவிட்டனவே, இப்போது தமிழாகவும் தருகின்றனவே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தருகின்றன, பல வேளைகளில் நன்றாகவே தருகின்றன. அவை எனக்காகப் படித்துவிடுகின்றன. பெட்டி என்னைப் படிக்க விடுகிறது. கீற்றெண்ணி வாழ்வதும் வேண்டாம், பிறர் படித்ததைக் கேட்டுக்கொண்டிருப்பதும் வேண்டாம் என்பவனுக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்தத் திண்ணை போதும்.

யோமிடானை ஏற்றதற்கு மற்றொரு காரணம், நாமே ஆக்கிய அகராதியை அதற்குள் ஏற்றிக்கொள்ளலாம் என்பது. எனவே தமிழில் பதவுரை எழுதத் தொடங்கினேன். நாளுக்கு ஐந்தாறு சொற்கள். உறவுப்பெயர்கள், மூவிடப்பெயர்கள், சுவைச் சொற்கள், பூக்கள், பின்னர் வினைகள் என்று போகிறது. வினைகளில் ‘தா’ ஒன்றே ஒரு வாரத்தை விழுங்கிற்று. அடிப்பது என்பது அதன் முதற்பொருள். தொலைபேசியில் அழைத்தாலும் ‘தா’, வாடகை வண்டி பிடித்தாலும் ‘தா’, பந்து விளையாடினாலும் ‘தா’. ஆங்கிலப் பெட்டி பதினைந்து இருபது பொருள்களை அடுக்கிக் காட்டித் திணறுகிறது. தமிழில் ஃபோன் அடிக்கிறோம், மணி அடிக்கிறோம், வெள்ளை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். எழுத்து வழக்கில் நாம் முகஞ்சுளிக்கும் இப்பேச்சு வழக்குதான் இங்கே கைகொடுத்தது. சொல்லின் எதிரே ‘அடி’ என்று மட்டும் எழுதினேன். ஒரு தமிழாசிரியன் கொச்சைக்கு நன்றி கூறிய அரிய நாள்களுள் அதுவும் ஒன்று.

கையில் அச்சுப் புத்தகம் இருந்தால் இவை ஒன்றும் உதவா. அதற்குக் கைப்பேசியில் பிளெக்கோ. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்நிறுவனம் பாம் பைலட் காலத்திலிருந்து அகராதி செய்துவருகிறது. 2009 டிசம்பரில் ஐபோனுக்கு வந்தது. பின்னர் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அடிப்படை அகராதி இலவசம். படக்கருவியைப் பக்கத்தின் மேல் பிடித்தால் எழுத்தை அறிந்து பொருள் சொல்லும் வசதிக்கும், பெரிய அகராதிகளுக்கும் காசு கொடுக்க வேண்டும். எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது இளைஞர்களுக்குப் பொருட்டாகத் தோன்றாது. நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். விரலால் திரையில் எழுதியும் தேடலாம். வாங்கும்போது எதை வாங்குவது என்பதில்தான் கருத்து வேண்டும். என் இலக்கு அந்தக் கல் அல்லவா? கல்லின் சீனம் பழஞ்சீனம். இலவச அகராதிகள் பெரிதும் இக்காலச் சீனத்துக்கு உரியவை. ‘ஸோவ்’ இன்று நடத்தல், அன்று ஓடுதல். ‘தாங்’ என்னும் ஒலியுடைய ஓர் எழுத்து இன்று வடிசாறு, அன்று வெந்நீர். நாற்றத்துக்கு இக்காலப் பொருள் கொண்டு சங்கப் பாட்டைப் படிப்பவர் பூவை விட்டு விலகி ஓடுவார், அதே கதைதான். ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ மிகச் சிறந்த நூல். ஆனால் புறநானூற்றுக்கு அதனை எடுத்துக்கொண்டு போகமாட்டோம். எனவே, பால் குரோல் தொகுத்து 2015-இல் வெளியான பழஞ்சீன, இடைக்காலச் சீன அகராதியைப் பிளெக்கோவுக்குள் வாங்கிச் சேர்த்தேன். இக்காலச் சொற்களுக்கு இலவசமே போதுமானது. பழமைக்குத்தான் பணம் கொடுக்கத் தகும். சீனம் கற்கத் தொடங்கும் மாணவர்கள் யாரேனும் கேட்டால், முதல் ஓராண்டில் ஒரு காசும் செலவிடாதீர்கள் என்பேன்.

கருவி தேடும் ஆர்வமே கல்வியை விழுங்கிவிடுவதும் உண்டு. லூ சுன் 1919-இல் வெளியிட்ட ‘கொங் யீஜி’ கதையின் நாயகர், அவரைக்காய் அளவு பயன்கூட இல்லாத கல்வியுடையவர். ஓர் எழுத்தை நான்கு விதமாக எழுதத் தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை. அகராதி மென்பொருள்களை நான்கு விதமாக நிறுவத் தெரிந்தவர்களும் அவருக்குத் தூரத்து உறவே. தமிழாசிரியர்களுக்கு அவர் சற்று நெருங்கிய உறவாகவும் இருக்கக்கூடும்.

இப்போது படித்துக்கொண்டிருப்பது ஜூ ஜிச்சிங் 1925-இல் எழுதிய ‘பெய்யிங்’ என்ற கட்டுரை. சீனப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிப்பது, சிறியது. நான்ஜிங்கிலிருந்து ஆற்றைக் கடந்து பூகோவ் நிலையத்தில் தொடர்வண்டி ஏறும் மகனை வழியனுப்ப வந்த தந்தை, பருத்த உடலோடு தண்டவாளத்தைத் தாண்டி, எதிர் நடைமேடையில் தட்டுத்தடுமாறி ஏறிக் கிச்சிலிப் பழம் வாங்கி வருகிறார். மகன் அவர் முதுகைப் பார்க்கிறான். 1968-க்கு முன் அங்கே பாலம் இல்லை. ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டியிருந்தது என்பது, சொற்பிரிப்பு வேடிக்கைக்காக அப்பாலத்தைப் பற்றிப் படித்திராவிட்டால் எனக்கு உறைத்திராது. ‘பெய்’ என்றால் முதுகு. ‘யிங்’ என்றால் நிழல், உருவம். ஷிஃப்ட்டை அழுத்தினால் ஆங்கிலப் பெட்டி, பின்புறமிருந்து காணும் உருவம் என்கிறது. அதன் மேலே என் தமிழ்ப் பதவுரைக்கான வரி. ‘முதுகுருவம்’ என்று எழுதி அழித்தேன். ‘பின்தோற்றம்’ என்றால் தந்தை இல்லாமற் போகிறார். விலகிச் செல்பவரின் முதுகைக் குறிக்கத் தனிச்சொல் ஏதேனும் நம் வட்டார வழக்கில் உண்டா என்று நெல்லைப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். வரி இன்னும் காலியாக இருக்கிறது.